வில்வித்தையின் முதல் ஆறு மாதங்கள்: வேலூர் வட்டாரப் புதியவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வில்வித்தை கற்க வேண்டும் என்று முடிவு செய்தவர்களில் பலர், முதல் வேலையாக வில்லின் விலையை விசாரிக்கத் தொடங்குகிறார்கள். அந்த விசாரணையைச் சில வாரங்களுக்குத் தள்ளிவைப்பதே நல்லது. இந்த விளையாட்டில் புதியவரைக் கெடுப்பவை இரண்டு: தோள் தாங்காத அளவுக்குக் கடினமான வில், பயிற்சிக்கு மிஞ்சிய தூரம். இரண்டும் சேர்ந்தால் உடல் தானாகவே ஒரு தவறான நிலையைக் கண்டுபிடித்து அதில் பழகிக்கொள்ளும். பழகிய தவறை மாற்றுவதற்கு, புதிதாகக் கற்பதைக் காட்டிலும் அதிக காலம் பிடிக்கும். ஆகவே இந்த வழிகாட்டி தொடக்கம் முதலே ஒரே நிலைப்பாட்டில் நின்று பேசுகிறது: இலேசான வில், அருகிலுள்ள இலக்கு, நிறைய அம்புகள்.

2019-இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்த மாவட்டத்தையும், 1989 வரை வட ஆற்காட்டோடு சேர்ந்திருந்த திருவண்ணாமலைப் பகுதியையும் மனத்தில் வைத்து இது எழுதப்படுகிறது. விளையாட்டின் விதிகள் எங்கும் ஒன்றே என்றாலும், எந்த நேரத்தில் பயிற்சி செய்வது, எந்த மாதத்தில் எதை எதிர்பார்ப்பது, வில்லை எப்படிப் பாதுகாப்பது என்பவை ஊரைப் பொறுத்தவை.

பயிற்சி இடத்தைத் தேடுதல்

சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் பளுதூக்குதலில் தங்கம் வென்ற ஊர் இது. பளுதூக்கும் கூடம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் இங்கே வழி சொல்ல ஆள் உண்டு. வில்வித்தைப் பயிற்சியிடத்தைக் கொஞ்சம் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். அங்கீகாரம் பெற்ற சங்கத்தின் பயிற்சியாளர் யார், பள்ளி கல்லூரிகளில் எங்கெங்கே பயிற்சி நடக்கிறது என்ற விவரம் அங்கிருந்து தொடங்கிக் கிடைக்கும். பள்ளி மாணவராக இருந்தால் உடற்கல்வி ஆசிரியரே சரியான வழி.

இடத்தைக் கண்டுபிடித்ததும் உடனே பணம் கட்டாமல், ஒரு மாலை முழுவதும் ஓரமாக நின்று பாருங்கள். அம்பு எய்பவர்கள் அனைவரும் ஒரே கோட்டில் நிற்கிறார்களா? காத்திருப்பவர்கள் அந்தக் கோட்டுக்குப் பின்னால் குறைந்தது 5 மீட்டர் தள்ளி இருக்கிறார்களா? இலக்குக்குப் பின்னால் மண்மேடோ, வலையோ, ஆள் நடமாட்டமில்லாத வெட்டவெளியோ இருக்கிறதா? அம்பு எடுக்கப் போகும்போது ஒருவர்கூட வில்லைக் கையில் வைத்திருக்கவில்லை என்பதைப் பயிற்சியாளர் உறுதி செய்கிறாரா? இந்த நான்கும் இல்லாத இடத்தில் எவ்வளவு பெரிய கோப்பைகள் அடுக்கப்பட்டிருந்தாலும் சேர வேண்டாம். இன்னொன்றையும் கவனியுங்கள்: புதிதாக வந்த பிள்ளைகள் எத்தனை மீட்டரில் நிற்கிறார்கள் என்று பாருங்கள். வந்த வாரமே 30 மீட்டரில் நிறுத்தி எய்ய வைக்கும் இடம், பெற்றோரைக் கவர்வதற்காக நடத்தப்படும் இடம்.

வில்லைத் தொடுவதற்கு முன் இரண்டு அளவுகள்

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது எந்தக் கண் ஆளும் கண் என்பது. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கைகள் வெளிப்புறம் பார்க்க, கட்டைவிரல்களுக்கும் ஆள்காட்டி விரல்களுக்கும் இடையே ஒரு சிறிய முக்கோண ஓட்டை அமையுமாறு சேர்த்துக்கொள்ளுங்கள். தொலைவில் உள்ள ஒரு பொருளை, கோட்டைச் சுவரில் ஒரு குறிப்பிட்ட கல்லையோ மின்கம்பத்தின் உச்சியையோ, இரு கண்களும் திறந்த நிலையில் அந்த ஓட்டை வழியாகப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் மட்டும் திறந்திருக்கும்போது பொருள் ஓட்டைக்குள்ளேயே நிற்கிறதோ அதுவே ஆளும் கண். வலக்கண் ஆள்பவர் இடக்கையில் வில்லைப் பிடித்து வலக்கையால் நாணை இழுப்பது இயல்பாக அமையும். வலக்கைப் பழக்கமும் இடக்கண் ஆதிக்கமும் உள்ளவர்கள் பலர் உண்டு; அவர்கள் பெரும்பாலும் கண்ணின் பக்கமே சாய்வது நல்லது என்றாலும், முதல் வாரத்தில் இரண்டு வகையிலும் எய்து பார்த்துப் பயிற்சியாளருடன் பேசி முடிவு செய்யலாம். பிறகு மாற்றுவது கடினம்.

அடுத்தது இழுப்பு நீளம். சுவரில் முதுகைச் சாய்த்து, கைகளைப் பக்கவாட்டில் விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அளந்து, அதை 2.5 ஆல் வகுத்தால் உத்தேச இழுப்பு நீளம் கிடைக்கும். 165 சென்டிமீட்டர் விரிப்பு உள்ளவருக்கு அது 66 சென்டிமீட்டர், அதாவது 26 அங்குலம். வில்லின் உயரமும் அம்பின் நீளமும் இந்த எண்ணைப் பொறுத்தே அமைகின்றன. 26 அங்குலம் வரை இழுப்பவருக்கு 66 அங்குல வில், 26 முதல் 28 வரை 68 அங்குல வில், அதற்கு மேல் 70 அங்குல வில் என்பது பொதுவான கணக்கு. வளரும் பிள்ளைகளுக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை மறுபடி அளக்க வேண்டும்.

எந்த வில், எத்தனை பவுண்டு

இந்தியாவில் போட்டிகளில் மூன்று வகை வில்களைக் காணலாம். இந்தியன் ரவுண்ட் என்று சொல்லப்படும் பிரிவில் மூங்கில் வில் பயன்படுகிறது. குறிபார்க்கும் சைட், முழு இழுப்பை ஒலியால் உணர்த்தும் க்ளிக்கர், வில்லின் ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் ஆகிய எதுவும் அதில் கிடையாது. தேசிய அளவில் 50, 30 மீட்டர் தூரங்களில் நடக்கிறது. செலவு மிகக் குறைவு என்பதால் பள்ளிப் பிள்ளைகள் பெரும்பாலும் இதில்தான் தொடங்குகிறார்கள். இரண்டாவது ரீகர்வ். நடுவில் பிடிக்கும் ரைசர், மேலும் கீழும் பொருத்தும் இரண்டு லிம்புகள், நுனிகள் முன்னோக்கி வளைந்திருக்கும் அமைப்பு. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் வில்வித்தை மீண்டும் சேர்க்கப்பட்டதிலிருந்து ஒலிம்பிக்கில் இருந்துவரும் வில் இதுதான். மூன்றாவது காம்பவுண்ட். இரு முனைகளிலும் உருளைகள் இருப்பதால் முழுதாக இழுத்த பிறகு கையில் தாங்க வேண்டிய விசை மிகவும் குறைந்துவிடும். விரலுக்குப் பதிலாக ரிலீஸ் என்ற கருவியால் நாணை விடுகிறார்கள். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியாவின் ஜோதி சுரேகா வென்னமும் ஓஜஸ் தேவ்தலேவும் ஆளுக்கு மூன்று தங்கம் வென்றது இந்த வில்லில். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் பிரிவு முதன்முறையாக இடம்பெறுகிறது.

பழைய வட ஆற்காட்டின் செங்கம் வட்டாரத்து நடுகற்களைப் பார்த்தவர்களுக்கு, ஒரு கையில் வில்லும் மறு கையில் வாளுமாக நிற்கும் வீரன் நினைவுக்கு வரலாம். ஆநிரை காக்கப் போராடிய அந்த மனிதர்களின் வில் இந்த மண்ணுக்குப் புதியதல்ல என்பதில் நியாயமான பெருமை உண்டு. ஆனால் இன்று நாம் கற்கும் வில்வித்தை, அசையாத இலக்கை ஒரே முறையில் மீண்டும் மீண்டும் எய்யும் விளையாட்டு. பறவையையோ விலங்கையோ குறிவைப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். ஏலகிரி, ஜவ்வாது மலைப் பக்கம் வீடுள்ள பிள்ளைகளுக்கு இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

எந்த வகையில் தொடங்குவது? உங்கள் பயிற்சியிடத்தில் எது இருக்கிறதோ அதில் தொடங்குங்கள். எல்லா வகையும் இருந்தால் ரீகர்வ் அல்லது மூங்கில் வில்லில் தொடங்குவதே என் பரிந்துரை. தோளும் முதுகும் செய்ய வேண்டிய வேலையை உருளைகள் மறைத்துவிடாததால், தவறு எங்கே என்பது உடனே தெரியும்.

பவுண்டுக் கணக்கில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். நாணை முழுதாக இழுக்கத் தேவைப்படும் விசையைப் பவுண்டில் சொல்கிறோம். ரீகர்வ் லிம்பில் எழுதியிருக்கும் எண் 28 அங்குல இழுப்புக்கு உரியது. உங்கள் இழுப்பு அதைவிடக் குறைந்தால் ஒவ்வொரு அங்குலத்துக்கும் சுமார் 1 முதல் 2 பவுண்டு குறையும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு 12 முதல் 16 பவுண்டு, பதின்பருவத்தினருக்கும் பெண்களுக்கும் 16 முதல் 20, உடல் வலுவுள்ள ஆண்களுக்கும் 20 முதல் 24 போதும். உடற்பயிற்சிக் கூடத்தில் பழகிய இளைஞர்கள் 40 பவுண்டு வில்லை ஓரிரு முறை இழுத்துக் காட்டிவிட்டு, அதுவே தமக்குச் சரி என்று நினைப்பார்கள். ஒருமுறை இழுப்பது வேறு. அறுபதாவது அம்பையும் முதல் அம்பைப் போலவே இழுத்து, தாடையில் நிறுத்தி, அசையாமல் குறிபார்ப்பது வேறு. இதில் வேலை செய்ய வேண்டியது முதுகில் தோள்பட்டை எலும்புகளுக்கு இடையேயுள்ள தசைகள். அன்றாட வாழ்க்கையில் அவற்றுக்கு இந்த வகை வேலை கிடைப்பதில்லை. அவை பழகுவதற்கு முன் பாரம் ஏறினால் தோளின் முன்பகுதி அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். தோள் வலி தொடங்குவது அங்கேதான்.

பவுண்டை எப்போது கூட்டலாம் என்பதற்கு எளிய சோதனை உண்டு. ஒரு பயிற்சியில் 60 அம்புகளை எய்த பிறகும் கடைசி ஆறு அம்புகளில் தோள் உயராமல், முழு இழுப்பில் 15 விநாடி நடுங்காமல் நிற்க முடிந்தால், 2 பவுண்டு மட்டும் கூட்டலாம். ஒரேயடியாக 6, 8 என்று தாவ வேண்டாம்.

அம்பும் துணைப் பொருள்களும்

தொடக்கத்தில் அலுமினியம் அல்லது விலை குறைந்த கார்பன் அம்புகள் போதும். அம்பு வளையும் தன்மையை ஸ்பைன் என்பார்கள்; வில்லின் பவுண்டுக்கு அது பொருந்தாவிட்டால், நீங்கள் எவ்வளவு சரியாக எய்தாலும் அம்பு ஒரு பக்கமாகவே விலகிப் போகும். ஆகவே அம்பை வாங்குவதற்கு முன் பவுண்டையும் இழுப்பு நீளத்தையும் கடைக்காரரிடம் சொல்லுங்கள். புதியவரின் அம்பு, முழுதாக இழுத்த நிலையில் அம்புத் தாங்கியைத் தாண்டி முன்னால் குறைந்தது 2 அங்குலம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இழுப்பு இன்னும் நிலைப்படாத நாள்களில் குட்டையான அம்பு தாங்கியிலிருந்து உள்ளே நழுவிக் கையைக் குத்திவிடக்கூடும். கார்பன் அம்பை ஒவ்வொரு முறை எடுத்ததும் மெல்ல வளைத்து, விரிசல் சத்தம் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். விரிசல் கண்ட அம்பை உடைத்து எறிந்துவிடுங்கள். வைத்திருந்தால் யாரேனும் எடுத்து எய்துவிடுவார்கள்.

நாண் படும் விரல்களுக்கு ஃபிங்கர் டேப், வில் பிடித்த முன்கைக்கு ஆர்ம் கார்டு, சட்டையில் நாண் சிக்காமலிருக்கச் செஸ்ட் கார்டு, அம்பு வைக்க இடுப்பில் கட்டும் க்விவர் ஆகிய நான்கும் தேவை. இவற்றில் முதல் இரண்டையும் தோலில் செய்யலாம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று தோல் தொழில் ஊன்றிய மாவட்டங்களில் இருக்கும் நமக்கு, நல்ல தோல் துண்டு கிடைப்பது ஒரு பிரச்சினையே அல்ல. இரண்டு மில்லிமீட்டர் அளவு தடிமனும், ஒரு பக்கம் வழவழப்பும் உள்ள கெட்டியான தோலை, மூன்று விரல்களை மறைக்கும் அகலத்தில் வெட்டி, ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே நாணில் பூட்டும் அம்பின் பின்முனையான நாக் நுழைவதற்கு ஒரு பிளவு விட்டு, நடுவிரலில் மாட்ட ஒரு வளையம் வைத்துத் தைத்தால் டேப் தயார். வழவழப்பான பக்கம் நாணைத் தொட வேண்டும். செருப்பு தைக்கும் தொழிலாளியிடம் பழைய டேப் ஒன்றைக் கொடுத்தால் அதே அளவில் வெட்டித் தந்துவிடுவார். தோலின் ஓரம் விரல் நுனியைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நாண் அதில் உரசிச் செல்லும்போது அம்பு பக்கவாட்டில் தள்ளப்படும்.

தளர்ந்த சட்டை, கழுத்துச் சங்கிலி, தொங்கும் காதணி, முன்னால் விழும் துப்பட்டா ஆகியவை வேண்டாம். நீண்ட கூந்தலைப் பின்னால் இறுகக் கட்டிக்கொள்ள வேண்டும். செருப்பில்லாமல் மைதானத்தில் நடக்கவே கூடாது, ஏனென்றால் புல்லுக்குள் புதைந்த அம்பு கண்ணுக்குத் தெரியாது.

விட்டுக்கொடுக்கக் கூடாத பாதுகாப்பு விதிகள்

அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடவே கூடாது. அம்புக்குப் போக வேண்டிய விசை முழுவதும் லிம்புகளுக்குத் திரும்பி வந்து அவற்றைப் பிளந்துவிடும். உடைந்த துண்டு முகத்தில் படலாம். வீட்டுக்கு வரும் உறவினர்கள் வில்லைக் கண்டதும் முதலில் செய்வது இதைத்தான் என்பதால், காட்டி முடித்ததும் நாணைக் கழற்றிப் பையில் வைத்துவிடுங்கள்.

எய்யும் கோட்டில் நின்று இலக்கை நோக்கியிருக்கும்போது மட்டுமே அம்பை நாணில் பூட்ட வேண்டும். வானத்தை நோக்கி எய்யக் கூடாது. இழுக்கத் தொடங்கும்போதே அம்பு முனையை மேலே தூக்கும் பழக்கமும் கூடாது, விரல் தவறினால் அம்பு இலக்கையும் பின்னாலுள்ள மேட்டையும் தாண்டிப் போய்விடும். விசில் ஒலிகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: இரண்டு முறை என்றால் கோட்டுக்கு வரலாம், ஒரு முறை என்றால் எய்யலாம், மூன்று முறை என்றால் அம்பு எடுக்கப் போகலாம், ஐந்தோ அதற்கு மேலோ தொடர்ந்து ஒலித்தால் எந்த நிலையில் இருந்தாலும் இழுப்பைத் தளர்த்தி அம்பைக் கழற்ற வேண்டும். ஊர்ப்புற மைதானங்களில் ஆடு மாடு குறுக்கே வருவதும், பந்தைத் துரத்திக்கொண்டு சிறுவன் ஓடிவருவதும் நடக்கிறவை. அப்படி வருவதைப் பார்த்தவர் யாராக இருந்தாலும், முந்தின நாள் சேர்ந்த பிள்ளையாக இருந்தாலும், உரக்க நிறுத்தச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும்.

இலக்கை நோக்கி ஓடக் கூடாது. அம்பின் பின்முனை கண் மட்டத்தில் நிற்கும். அம்பைப் பிடுங்கும்போது பின்னால் யாரும் இல்லை என்று பார்த்து, ஒரு உள்ளங்கையை இலக்கின் மேல் அழுத்தி, மறு கையால் அம்பை இலக்குக்கு ஒட்டினாற்போலப் பிடித்து, மெல்லத் திருகி நேராக இழுக்க வேண்டும்.

ஓர் அம்பை எய்யும் முறை

இனி வருவது வலக்கையால் இழுப்பவருக்கு எழுதப்படுகிறது, இடக்கைக்காரர்கள் மாற்றிக்கொள்ளலாம்.

எய்யும் கோட்டுக்கு இரு பக்கமும் ஒவ்வொரு காலாக, தோள் அகலத்துக்கு விரித்து, இடத்தோள் இலக்கைப் பார்க்கும்படி நில்லுங்கள். எடை இரு கால்களிலும் சமமாக, குதிகாலைவிடச் சற்றே முன்பாதத்தில் இருக்கட்டும். முழங்கால்களை விறைக்க வேண்டாம். இடுப்பைப் பின்னால் தள்ளாமல், வயிற்றை லேசாக உள்ளிழுத்து, நெஞ்சைத் தாழ்த்தியே வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சை நிமிர்த்திக் காட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது முதலில் அந்நியமாகத் தோன்றும். ஆனால் நெஞ்சு உயர்ந்தால் முதுகு வளையும், முதுகு வளைந்தால் அம்புகள் உயரம் மாறி மாறிப் படும்.

அம்பைத் தாங்கியின் மேல் வைத்து, நாணில் குறிக்கப்பட்ட இடத்தில் அம்பின் நாக் பகுதியைப் பூட்டுங்கள். க்ளிக் என்ற சிறு ஒலி கேட்க வேண்டும். மூன்று இறகுகளில் நிறம் மாறியிருக்கும் ஒன்று வில்லுக்கு எதிர்ப்புறம் பார்க்கட்டும். பிறகு விரல்கள்: ஆள்காட்டி விரல் அம்புக்கு மேல், நடுவிரலும் மோதிர விரலும் அம்புக்குக் கீழ். நாண் முதல் மூட்டின் மடிப்பில் அமர வேண்டும். தண்ணீர் வாளியின் கைப்பிடியைத் தூக்கும்போது விரல்கள் கொக்கியாக வளைந்திருக்க, புறங்கையும் மணிக்கட்டும் எப்படித் தட்டையாகத் தளர்ந்திருக்குமோ, அப்படியே இங்கும். விரல்களால் அம்பை இறுக்கிக் கிள்ளினால், இழுக்கும்போது அம்பு தாங்கியை விட்டு விலகி விழும். புதியவர்களில் பாதிப் பேர் சந்திக்கும் முதல் தொல்லை இது.

வில் பிடிக்கும் கையில் கொஞ்சம் அதிக நேரம் செலவிடுவோம், ஏனென்றால் பெரும்பாலான பிழைகள் இங்கிருந்தே வருகின்றன. வில்லைப் பிடிக்கக் கூடாது. வில்தான் கையின் மேல் சாய்ந்து நிற்க வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவேயுள்ள பள்ளத்தை ரைசரின் கழுத்தில் வைத்து, கட்டைவிரலின் அடியிலுள்ள சதைமேட்டில் மட்டும் அழுத்தம் படும்படி அமையுங்கள். விரல் முட்டிகள் சுமார் 45 டிகிரி சாய்ந்திருக்கும். மற்ற விரல்கள் தளர்வாகத் தொங்கட்டும். இப்படி வைத்தால் எய்ததும் வில் கீழே விழுந்துவிடுமே என்ற பயத்தில் கை தானாக மூடிக்கொள்ளும். அதற்காகத்தான் விரலிலோ மணிக்கட்டிலோ கட்டும் ஸ்லிங் இருக்கிறது. அடுத்து முழங்கை. கையை நீட்டிச் சுவரில் ஊன்றி, உள்ளங்கையை அசைக்காமல் முழங்கையை மட்டும் வெளிப்புறமாகத் திருப்பிப் பழகுங்கள். முழங்கையின் உட்புற மடிப்பு வானத்தைப் பார்ப்பதை விட்டுச் செங்குத்தாக நிற்கும்போது, நாண் போகும் பாதை விடுபடும். கையில் நீலம் பாரித்த தழும்போடு திரும்பும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இந்தத் திருப்பம் பழகியிருக்காது.

இரு கைகளையும் மூக்கு மட்டத்துக்கு உயர்த்துங்கள். தோள்கள் மட்டும் மேலே போகக் கூடாது. இப்போது நாணை இழுப்பது கையல்ல, வலப்பக்கத் தோள்பட்டை எலும்பு முதுகெலும்பை நோக்கி நகர்வதால் ஏற்படும் விசை. வலமுழங்கை அம்பின் கோட்டிலோ அதற்குச் சற்று மேலோ பின்னால் போகும். ஆள்காட்டி விரல் தாடை எலும்புக்குக் கீழே பதிந்து, நாண் முகவாயையும் மூக்கு நுனியையும் தொடும்போது நிறுத்துங்கள். இதுவே ஆங்கர். ஒவ்வொரு அம்புக்கும் இந்த மூன்று தொடுதல்களும் மாறாமல் இருக்க வேண்டும். தலையை நாணிடம் கொண்டுபோகாமல் நாணைத்தான் முகத்திடம் கொண்டுவர வேண்டும்.

குறிபார்ப்பதற்கு அதிக நேரம் எடுக்காதீர்கள். ஆங்கரில் நின்றபின் 3, 4 விநாடிகளுக்குள் அம்பு போய்விட வேண்டும். அதைத் தாண்டினால் நடுக்கம் கூடும். அப்போது கட்டாயப்படுத்தி விடாமல், இழுப்பைத் தளர்த்தி இறக்கி, மூச்சு வாங்கி, மறுபடி தொடங்குங்கள். விடுவது என்பது விரல்களைத் திறப்பதல்ல. முதுகின் இழுப்பு தொடர்ந்துகொண்டே இருக்க, விரல்கள் தளர, நாண் தானே வழுக்கிப் போகும். கை கழுத்தோரமாகப் பின்னால் நகரும். அம்பு இலக்கில் படும் ஒலி கேட்கும் வரை வில் பிடித்த கையை இறக்காதீர்கள். அம்பு எங்கே போகிறது என்று எட்டிப் பார்க்கும் ஆசையில் வில்லைச் சாய்ப்பதால், நன்றாக எய்த அம்பும் கெட்டுவிடுகிறது.

தூரத்தைக் கூட்டும் வரிசை

முதல் இரண்டு மூன்று வாரங்கள் 3 முதல் 5 மீட்டரில், தாளே ஒட்டாத வெறும் இலக்கில் எய்ய வேண்டும். புள்ளி இல்லை என்பதால் கண் இலக்கைத் தேடாது; மனம் முழுவதும் உடல்மேல் நிற்கும். பெற்றோருக்கு இது வீண் நேரமாகத் தெரியும். அவர்களிடம் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டியது பயிற்சியாளரின் கடமை. நாளுக்கு 30 முதல் 60 அம்புகள், வாரத்தில் மூன்று நான்கு நாள் போதும்.

இலக்குக்குச் சிலர் ஃபோம் பலகையை வாங்குகிறார்கள். ஆரணி, ஆற்காடு பக்கம் நெல் விளையும் ஊர்களில் வைக்கோலுக்குக் குறைவில்லை. அதைக் கட்டுக் கட்டாக இறுக்கி, கயிறு போட்டுப் பிணைத்து, ஒரு மரச்சட்டத்துக்குள் நெருக்கி அடுக்கினால், இலேசான வில்லுக்கு நல்ல இலக்கு கிடைக்கும். இறுக்கம்தான் முக்கியம், தளர்ந்த வைக்கோலில் அம்பு ஊடுருவிப் பின்னால் போய்விடும் அல்லது இறகு வரை புதைந்து இறகு பிய்ந்துவிடும். மழையில் நனைய விடாமல் தார்ப்பாய் போட்டு மூடுங்கள்.

அதன் பிறகு 10 மீட்டரில் பெரிய தாளை ஒட்டி எய்யலாம். இலக்குத் தாளில் வெளியிலிருந்து வெள்ளை, கருப்பு, நீலம், சிவப்பு, மஞ்சள் என்று ஐந்து நிறங்கள், நிறத்துக்கு இரண்டு வளையம், 1 முதல் 10 வரை புள்ளிகள். இங்கே புள்ளிகளைக் கூட்டாதீர்கள். ஆறு அம்புகளும் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்று மட்டும் பாருங்கள். கூட்டமாக இடப்பக்கம் விழுந்தால் சைட்டை இடப்பக்கமும், கீழே விழுந்தால் கீழேயும் நகர்த்த வேண்டும். அம்பு போன பக்கமே சைட்டும் போகும் என்பது விதி. ஒரே ஒரு அம்பை நம்பிச் சைட்டை நகர்த்தாதீர்கள். அம்புகள் சிதறி விழுந்தால் சரிசெய்ய வேண்டியது சைட் அல்ல, உடல் நிலை.

ஆறு அம்புகளும் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவுக்குள் தொடர்ந்து விழத் தொடங்கியதும் 18 மீட்டருக்குப் போகலாம். உள்ளரங்கப் போட்டியின் தூரம் இதுவே. அங்கே தாளின் விட்டம் 40 சென்டிமீட்டர். ஆறு மாதத்தின் முடிவில் 30 மீட்டரில் நிதானமாக நிற்க முடிந்தால் அது நல்ல வளர்ச்சி. பெரியவர்களின் ரீகர்வ் போட்டித் தூரமான 70 மீட்டரில் 122 சென்டிமீட்டர் தாளும், காம்பவுண்டின் 50 மீட்டரில் 80 சென்டிமீட்டர் தாளும் பயன்படுகின்றன. அவற்றை இப்போதைக்குத் தெரிந்துவைத்திருந்தால் போதும்.

வெயில், காற்று, மழை

சித்திரை வைகாசியில் வேலூரின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். அக்கினி நட்சத்திர நாள்களில் காலை 6 மணி முதல் 8 வரையும், மாலை 5 மணிக்குப் பிறகும் மட்டுமே மைதானத்தில் நில்லுங்கள். வியர்த்த விரலில் டேப் வழுக்கும் என்பதால் ஒரு துண்டு எப்போதும் இடுப்பில் இருக்கட்டும். தண்ணீருடன் உப்புக் கலந்த மோரோ எலுமிச்சைச் சாறோ கொண்டுபோங்கள். தாகம் எடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம். வெப்பம் வில்லையும் கெடுக்கும். லிம்புகள் பல அடுக்குகளைப் பசையால் ஒட்டிச் செய்யப்பட்டவை. பூட்டிய காருக்குள்ளோ, வெயிலில் நிற்கும் இருசக்கர வாகனத்தின் மேலோ வைத்தால் பசை இளகி லிம்பு முறுக்கிக்கொள்ளும்.

ஆடியில் காற்று. புதியவர்கள் அந்த மாதத்தில் தூரத்தைக் கூட்டாமல், 10 மீட்டருக்குள் நின்று உடல் நிலையைச் சீர்படுத்துவதே பயனுள்ளது. மாலையில் திடீரென்று இடி மழை வரும் மாதங்களில், முதல் இடியோசை கேட்டதும் திறந்த மைதானத்தை விட்டு வெளியேறுங்கள். ஐப்பசி கார்த்திகை மழை நாள்களில் வீட்டிலேயே எலாஸ்டிக் பட்டையைக் கொண்டு இழுத்து, ஆங்கரில் நிறுத்தி, இறக்கிப் பழகலாம். கண்ணாடி முன் நின்று செய்தால் தோள் உயர்வது தெரியும்.

சொந்த வில் வாங்கும் நேரம்

இரண்டு மூன்று மாதம் பயிற்சியிடத்தின் வில்லிலேயே எய்து, ஆர்வம் நிலைத்திருக்கிறது என்று உறுதியான பிறகு வாங்குங்கள். லிம்புகளைத் தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய வில்லாக இருக்கட்டும். பவுண்டு கூடும்போது ரைசரை வைத்துக்கொண்டு லிம்புகளை மட்டும் மாற்றலாம். மரத்தாலான தொடக்கநிலை ரைசர் முதல் ஆண்டுக்குத் தாராளமாகப் போதும். சர்வதேச வீரர்கள் வைத்திருக்கும் முழுத் தொகுப்பின் விலை இலட்சத்தைத் தாண்டும். அதைப் பார்த்து மலைக்கவும் வேண்டாம், கடன் வாங்கவும் வேண்டாம். பழைய வில்லை வாங்குவதானால் நாணேற்றி, பின்புறமிருந்து ஒரு கண்ணால் பாருங்கள்: நாண் இரு லிம்புகளின் நடுவிலும் ஓட வேண்டும். லிம்பின் மேல் விரல் நகத்தை மெல்ல ஓட்டிப் பார்த்தால் நுண்ணிய விரிசல்கள் தட்டுப்படும்.

நாணேற்றுவதற்கு வில்லேற்றும் கயிற்றையே பயன்படுத்துங்கள். காலிடுக்கில் வைத்து வளைப்பது லிம்பை முறுக்கிவிடும். பயிற்சி முடிந்ததும் நாணைக் கழற்றுங்கள். நாணில் நூல் பிசிறு தென்பட்டால் மெழுகு தடவுங்கள். ஓர் இழை அறுந்திருந்தாலும் நாணை மாற்றிவிடுங்கள்.

முதல் போட்டிக்குப் போகும்போது

மாவட்ட அளவிலான போட்டியில் கலந்துகொள்ள உயர்ந்த புள்ளிகள் தேவை என்று நினைத்துத் தயங்க வேண்டியதில்லை. விதிகளைப் பழகுவதற்கே முதல் போட்டி. மாற்றுத்திறனாளிகளும் தயங்க வேண்டாம். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ஹர்விந்தர் சிங் ரீகர்வில் தங்கம் வென்றார். பிறவியிலேயே கைகள் இல்லாத ஷீத்தல் தேவி, காலால் வில்லைப் பிடித்து எய்து, ராகேஷ் குமாருடன் காம்பவுண்ட் கலப்பு அணியில் வெண்கலம் வென்றார். பயிற்சியாளரிடம் போய்க் கேட்கும்போது இந்த இரு பெயர்களையும் சொல்லிக் கேளுங்கள்.

ரீகர்வ், காம்பவுண்ட் தகுதிச் சுற்றில் 72 அம்புகள், மொத்தம் 720 புள்ளிகள். அதன் பிறகு இருவர் இருவராக மோதும் ரீகர்வ் தனிநபர் சுற்றுகளில் செட் முறை: மூன்று அம்புகள் ஒரு செட், வென்றவருக்கு 2 புள்ளி, சமமானால் ஆளுக்கு 1, முதலில் 6 எடுப்பவர் வெற்றியாளர். காம்பவுண்டில் 15 அம்புகளின் மொத்தம் பார்க்கப்படும். முந்தின நாளே அம்புகள் எல்லாவற்றிலும் உங்கள் பெயரின் முதலெழுத்தை எழுதிவிடுங்கள். ஒரு சுற்றில் பயன்படுத்தும் அம்புகள் எல்லாவற்றிலும் இறகுகளின் நிற அமைப்பும் நாக் பகுதியின் நிறமும் ஒன்றுபோலவே இருக்க வேண்டும். மாற்று நாண், மாற்று டேப், இரண்டு உபரி அம்புகள் பையில் இருக்கட்டும். நாணிலிருந்து அம்பு நழுவிக் கோட்டுக்கு முன்னால் விழுந்தால் பதற வேண்டாம். 3 மீட்டர்க் கோட்டுக்குள் கிடந்தால் அது எய்ததாகக் கணக்கில்லை, வேறு அம்பை எடுத்து எய்யலாம்.

புள்ளி எழுதும்போது அதிக மதிப்பிலிருந்து குறைந்த மதிப்பு வரை வரிசையாக உரக்கச் சொல்ல வேண்டும். இரு வளையங்களுக்கு இடையேயுள்ள கோட்டை அம்பு தொட்டிருந்தால் உயர்ந்த மதிப்பே சேரும். கருத்து வேறுபாடு வந்தால் நடுவரைக் கூப்பிடுங்கள். எல்லா மதிப்புகளும் எழுதி முடியும் வரை அம்பையோ, தாளையோ, இலக்கையோ யாரும் தொடக் கூடாது. எழுதியதும் ஒவ்வொரு துளையையும் பேனாவால் குறியிட்டு, பிறகே அம்புகளைப் பிடுங்க வேண்டும்; புள்ளித் தாளில் கூட்டலைச் சரிபார்த்த பின் கையெழுத்திடுங்கள், கையெழுத்திட்ட பிறகு கூட்டல் பிழையைச் சுட்டிக்காட்டுவதில் பயனில்லை.